சாயக் கறையில் பிறந்த மருந்து

மேஜை முழுவதும் வண்ண வண்ணப் புள்ளிகள். ஸ்ட்ராஸ்பர்க் நகரில் வைத்தியம் படித்த பால் எர்லிக் என்ற மாணவரின் மேஜை அது. அவருக்குச் சாயத்தின் மீது அப்படி ஒரு பித்து!

எர்லிக் 1854-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி ஸ்ட்ரேலன் என்ற ஊரில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். அன்று ஜெர்மானியர் ஆட்சியில் இருந்த அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது.

நம் உடல் கண்ணுக்குத் தெரியாத அணுக்களால் ஆனது. அவற்றின் மீது சாயத்தை விட்டால், சில அணுக்கள் மட்டுமே நிறம் பிடிக்கும். வேட்டியில் பட்ட மஞ்சள் கறை போகாது. பித்தளைச் செம்பில் பட்டால் கழுவியதும் போய்விடும். அதுபோலத்தான். இது ஏன் என்று எர்லிக் யோசித்தார். அந்தக் கேள்வி கடைசிவரை அவரை விடவில்லை.

க்ஷயரோகக் கிருமிக்குச் சாயம் ஏற்ற, 1882-ல் ஒரு நல்ல வழி கண்டார். சில ஆண்டுகளில் அவரே இருமத் தொடங்கினார். தம் சளியைத் தம் முறைப்படியே சோதித்தார். கிருமி இருந்தது! எகிப்து நாட்டுக்குப் போய்த் தங்கி, உடல் தேறித் திரும்பினார்.

1897-ல் தம் கருத்தை வெளியிட்டார். அணுவின் மேல் கைகள் போன்ற உறுப்புகள் உண்டு. பூட்டுக்கு ஏற்ற சாவி போல, அந்தக் கைக்குப் பொருந்தும் விஷம்தான் அணுவைப் பிடிக்கும். பொருந்தாதது ஒன்றும் செய்யாது. இந்தக் கைகளுக்குத்தான் இன்று 'ஏற்பி' என்று பெயர்.

மருந்துக்கும் இப்படிக் கைகள் உண்டா? இல்லை என்றே எர்லிக் முதலில் நினைத்தார். இங்கிலாந்தில் லாங்லி என்ற பேராசிரியர், தசையைத் தூண்டும் நிகோடினும் அதைத் தடுக்கும் குராரே விஷமும் ஒரே இடத்தில் போட்டியிடுவதை 1905-ல் காட்டினார். எர்லிக் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். பெரியவர்களிடம் எளிதில் காண முடியாத குணம் இது.

அப்படியானால், கிருமியை மட்டும் பிடித்து, மனிதனை விட்டுவிடும் மருந்தைச் செய்யலாமே!

அந்நாளில் மேகநோய் குடும்பங்களைக் குலைத்துவந்தது. கருவிலிருந்த குழந்தையையும் விடவில்லை. பாஷாணம் கலந்த நூற்றுக்கணக்கான பொருள்களை எர்லிக்கின் கூடத்தில் செய்து சோதித்தார்கள். 606 என்ற எண்ணுள்ள பொருள் 1907-லேயே தயாராகிவிட்டது. ஆனால் உதவியாளர் ஒருவர் அது பயனற்றது என்று ஒதுக்கிவிட்டார். 1909-ல் ஜப்பானிலிருந்து ஹாட்டா என்ற டாக்டர் வந்தார். எர்லிக் அவரிடம் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்கச் சொன்னார். நோய் கண்ட முயல்களுக்கு 606-ஐ ஊசி போட்டதும் புண்கள் ஆறின. 1910-ல் அது 'சல்வார்சான்' என்ற பெயரில் கடைக்கு வந்தது.

புகழோடு பழியும் வந்தது. ஊசி போட்ட சிலர் இறந்தார்கள். பணத்தாசை பிடித்தவர் என்று எர்லிக்கை ஒரு பத்திரிகைக்காரர் தூற்றினார். 1914-ல் வழக்கு நடந்தது. நோபல் பரிசு பெற்ற எர்லிக் சாட்சிக் கூண்டில் ஏறினார். தூற்றியவருக்கு ஓராண்டு சிறை. ஆனால் எர்லிக்கின் உடல் நொறுங்கிவிட்டது. 1915 ஆகஸ்டு 20-ந் தேதி காலமானார்.

பின்னாளில் நாஜிகள் வந்தார்கள். யூதர் என்பதால் அவர் பெயரிட்ட தெருவின் பெயரை மாற்றினார்கள். அவர் மனைவி ஹெட்விக் நாட்டைவிட்டே வெளியேறினார். அதே ஜெர்மனி, 1990-ல் வெளியிட்ட 200 மார்க் நோட்டில் எர்லிக்கின் முகத்தை அச்சிட்டது.