டாப்ளர் கண்ட விதி

சால்ஸ்பர்க் நகரில் கல்தச்சர் குடும்பமொன்றில் 1803ஆம் ஆண்டு பிறந்தவர் கிறிஸ்டியன் டாப்ளர். உளி பிடிக்க உடல்வலிமை போதவில்லை, ஏடு பிடித்தார். வேலை கிட்டாமல், அமெரிக்கா செல்ல உடைமைகளையும் விற்றுவிட்ட வேளையில், 1835இல் பிராக் நகரில் ஆசிரியப் பணி வாய்த்தது.

அங்கேதான் 1842இல் தம் கட்டுரையைப் படித்தார். அலையெழுப்பும் பொருள் நம்மை நெருங்கினால் அதிர்வெண் கூடும், விலகினால் குறையும். இரட்டை விண்மீன்களின் நிறத்துக்கு இதுவே காரணம் என்றார். விதி சரி, விண்மீன் நிறம் பற்றிய முடிவுதான் தவறு! 1845இல் ஹாலந்தில் பாய்ஸ் பாலட் என்பார் ஓடும் இரயிலில் எக்காளம் ஊதச் செய்து சோதித்தார். ஒலிக்கு விதி பொருந்தியது. ஆயினும் வியன்னாவில் கணித அறிஞர் பெட்ஸ்வால் விடாது எதிர்த்தார். நுரையீரல் நோயால் 1853இல் வெனிஸில் மறைந்தபோது டாப்ளருக்கு வயது 49தான்.

நூறாண்டு கடந்து, ஜப்பானியர் சாட்டோமுரா அவ்விதியைக் குருதியோட்டத்தை அறியப் பயன்படுத்தினார். இன்று மருத்துவர்கள் கை, கால் தமனிகளின்மேல் கருவியை வைத்துக் கேளா ஒலியைச் செலுத்துகின்றனர். ஓடும் சிவப்பணுக்களில் பட்டு மீளும் அலையின் அதிர்வெண் மாற்றம் குருதியின் வேகத்தைச் சொல்லும். தமனி குறுகிய இடத்தில் வேகம் மிகும். அதற்கப்பால் துடிப்பு மங்கும். ஆறாப் புண்ணோடு வரும் நீரிழிவு நோயாளியின் காலில் அடைப்பு எங்கே என்பது கத்தி படாமலே தெரிந்துவிடுகிறது.