கைக்கு எட்டிய வெற்றியை இழந்த சதுரங்க வீரர்

ஜெயிக்க வேண்டிய ஆட்டம் ஒரே நகர்த்தலில் தோல்வியாக மாறுமா? மாறியது. உலகப் பட்டம் பெறும் வாய்ப்பும் அதோடு போயிற்று. அப்படி இழந்தவர் மிகயீல் சிகோரின். ருஷியா நாட்டின் புகழ் பெற்ற சதுரங்க வீரர்.

பெற்றோரை இழந்த சிறுவன்

சிகோரின் 1850-ம் ஆண்டு பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு அருகே கச்சினா என்ற ஊர் இருக்கிறது. அங்கே இருந்த அநாதைப் பள்ளியில் வளர்ந்தார். 16 வயதில் ஓர் ஆசிரியர் அவருக்குச் சதுரங்கம் கற்றுக் கொடுத்தார்.

பிறகு சர்க்கார் உத்தியோகம் கிடைத்தது. ஆனால் மனம் முழுவதும் சதுரங்கத்தில்தான். உத்தியோகத்தை விட்டுவிட்டார்! 1876-ல் சதுரங்கத்துக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். நடந்து முடிந்த ஆட்டங்களை அதில் அலசி எழுதினார். இந்த இடத்தில் குதிரைக்குப் பதில் யானையை நகர்த்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆராய்வதில் அவர் கெட்டிக்காரர்.

தந்தியில் நடந்த போட்டி

அப்போது உலக சாம்பியன் ஸ்டெய்னிட்ஸ். பிராக் நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1889-ல் கியூபா நாட்டின் ஹவானா நகரில் இருவரும் மோதினார்கள். ஸ்டெய்னிட்ஸ் 10 ஆட்டங்களிலும் சிகோரின் 6 ஆட்டங்களிலும் ஜெயித்தனர். ஓர் ஆட்டம் சமன்.

அதே ஆண்டில் ஸ்டெய்னிட்ஸ் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் அவர் சிபாரிசு செய்த இரண்டு ஆட்ட முறைகள் தவறு என்றார் சிகோரின். வாதம் எழுத்தோடு நிற்கவில்லை. ஆடியே பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று.

ஸ்டெய்னிட்ஸ் நியூயார்க்கில், சிகோரின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். ஒவ்வொரு நகர்த்தலும் தந்தியில் பறந்தது. 1890-ல் தொடங்கி 1891 வரை இரண்டு ஆட்டங்கள் நடந்தன. ஒன்றில் ஸ்டெய்னிட்ஸ் ராணியை ஆரம்பத்திலேயே வெளியே கொண்டு வந்தார். மற்றொன்றில் குதிரையைப் பலகையின் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். இரண்டிலும் சிகோரினே ஜெயித்தார்!

மீண்டும் ஹவானா

1892 ஜனவரி 1-ந் தேதி ஹவானாவில் மறுபடியும் உலகப் பட்டப் போட்டி தொடங்கியது. முதலில் 10 ஆட்டங்களில் ஜெயிப்பவருக்குப் பட்டம். 22 ஆட்டங்கள் முடிந்தபோது ஸ்டெய்னிட்ஸ் 9, சிகோரின் 8.

பிப்ரவரி 28-ந் தேதி 23-வது ஆட்டம். சிகோரின் ஜெயித்தால் 9-க்கு 9, போட்டி தொடரும். தோற்றால் எல்லாம் முடிந்தது.

சிகோரின் வெள்ளைக் காய்களுடன் ஆடினார். ராஜாவின் பக்கத்துச் சிப்பாயைப் பலி கொடுத்துத் தொடங்கும் துணிச்சலான முறையைக் கையாண்டார். ஆட்டத்தின் நடுவில் ஸ்டெய்னிட்ஸ் ஒரு குதிரையைப் பறிகொடுத்தார். அதற்குப் பதிலாக அவருடைய இரண்டு யானைகளும் வெள்ளையின் இரண்டாம் வரிசைக்குள் புகுந்துவிட்டன. அங்கே ஒரு சிப்பாய் மூலையில் இருந்த ராஜாவுக்குக் கதவுபோல நின்றது. அந்தச் சிப்பாயைத் தூரத்தில் இருந்து ஒரு மந்திரி காத்து வந்தது.

32-வது நகர்த்தல் வந்தது. சிகோரின் அந்த மந்திரியையே எடுத்து வேறு கட்டத்தில் வைத்தார்! எதிரியின் ஒரு யானையை அது தாக்கியது உண்மைதான். ஆனால் சிப்பாய்க்குக் காவல் போய்விட்டது. ஸ்டெய்னிட்ஸின் யானை உடனே அந்தச் சிப்பாயை வெட்டி ராஜாவைத் தாக்கியது. ராஜா பக்கத்துக் கட்டத்துக்கு ஓடினால், இரண்டாவது யானையும் வந்து ஆட்டத்தை முடித்துவிடும். அதற்கு அப்பால் தப்பி ஓட வழி? அங்கே சிகோரினின் சொந்த யானையே அடைத்துக்கொண்டு நின்றது. சிகோரின் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

வேறு என்ன செய்திருக்கலாம்? பின்னால் வந்த நிபுணர்கள் ஆராய்ந்து விடை சொல்லிவிட்டார்கள். மந்திரியைத் தொட்டிருக்கவே வேண்டாம். முன்னால் நின்ற யானையால் எதிரியின் ஒரு சிப்பாயை வெட்டியிருந்தால் போதும். மந்திரியின் காவலும் நிலைத்திருக்கும். அதிகமாக இருந்த குதிரை ஆட்டத்தையும் ஜெயித்துக் கொடுத்திருக்கும். புதிதாக ஆடப் பழகுகிறவரும் காணக்கூடிய ஆபத்து அது. பிறருடைய தவறுகளைப் பத்திரிகையில் எடுத்துக் காட்டி வந்தவரின் கண்ணுக்கு அன்று அது தப்பிவிட்டது.

அந்த ஒரு நகர்த்தலை வைத்தே பலர் சிகோரினை எடை போடுகிறார்கள். அது நியாயம் அல்ல. 1895-ல் இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் நகரில் நடந்த பெரிய பந்தயத்தில் அவர் இரண்டாம் இடம் பெற்றார். அப்போதைய உலக சாம்பியன் லாஸ்கருக்கு மூன்றாம் இடம்தான். முதலிடம் பெற்ற பில்ஸ்பரியும் முதல் சுற்றில் சிகோரினிடம் தோற்றவரே.

1903-ல் வியன்னாவில் ஒரு விசித்திரமான பந்தயம் நடந்தது. எல்லா ஆட்டங்களையும் ராஜாவின் பக்கத்துச் சிப்பாயைப் பலி கொடுத்தே தொடங்க வேண்டும் என்பது விதி. ஹவானாவில் சிகோரின் கையாண்ட அதே முறை! அதில் அவர் முதலிடம் பெற்றார்.

நீரிழிவு நோயால் உடல் தளர்ந்த சிகோரின், 1908 ஜனவரியில் லூப்ளின் நகரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 57.