மின்பொறி வல்லுநர் லலிதா அம்மையார்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை நீண்டு கிடக்கின்றது. அம்மலையிற் பெய்யும் மழை பல ஓடைகளாய்க் கூடி இழிந்து, கோமுகி அணையில் தங்கி, பின்னர்க் கழனிகளை வளப்படுத்துகின்றது. வரும் வழியெங்கும் பாறைகள் குறுக்கிடுகின்றன. அதனால் நீர் மலைக்குத் திரும்பிவிடுவதில்லை. வளைந்தும் வீழ்ந்தும் தனக்கொரு வழி கண்டுகொள்கின்றது. சான்றோர் வாழ்வும் அத்தகையதே. இளமையில் வந்த பெருந்துயரைக் கடந்து, பெண்கள் அதுவரை செல்லாத துறையிற் புகுந்து, நாட்டுக்கு ஒளி தரும் தொழிலிற் சிறந்தவர் அ. லலிதா அம்மையார். இந்தியாவின் முதற் பெண் மின்பொறியாளர் எனப் போற்றப்படுபவர் அவரே.

அம்மையார் 1919ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27ஆம் நாள் சென்னையில் பிறந்தார். அவருடைய தாய்மொழி தெலுங்கு. தந்தையார் பப்பு சுப்பாராவ் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியராக விளங்கினார். மக்கள் எழுவருள் லலிதா ஐந்தாமவர். உடன்பிறந்த ஆடவர் உயர்கல்வி கற்றனர். பெண்களுக்கோ பள்ளிக் கல்வியே எல்லையாக இருந்தது. அக்கால வழக்கப்படி லலிதாவுக்குப் பதினைந்தாம் வயதிலேயே மணம் நிகழ்ந்தது. பதினெட்டாம் வயதில் ஒரு பெண்மகவை ஈன்றார். அம்மகவுக்கு நான்கு திங்கள் நிரம்புமுன் கணவர் இறந்தார்.

அந்நாளில் கைம்பெண்கள் எய்திய துன்பம் சொல்லுந்தரத்ததன்று. நல்லாடையும் அணியும் துறந்து, மங்கல நிகழ்ச்சிகளில் ஒதுங்கி நின்று, வீட்டின் ஒரு மூலையில் நாட்களைக் கழிப்பதே அவர்களுக்கு விதிக்கப்பட்டிருந்தது. லலிதா அவ்விதிக்கு அடங்கினாரல்லர். தம் மகவைத் தாமே காத்தல் வேண்டும் எனவும், அதற்குத் தொழிற்கல்வியே துணையாகும் எனவும் துணிந்தார். தந்தையாரும் அவருக்கு உறுதுணையாக நின்றார். இராணி மேரிக் கல்லூரியிற் பயின்று, இண்டர்மீடியட் தேர்வில் முதல் வகுப்பில் தேறினார்.

அக்காலப் பெண்கள் சிலர் மருத்துவம் கற்றனர். ஆயினும் மருத்துவர் நள்ளிரவிலும் நோயாளரிடம் செல்ல நேரும். பச்சிளங் குழந்தையை விட்டு அவ்வாறு செல்ல லலிதாவின் மனம் ஒருப்படவில்லை. ஆகவே, தந்தையார் வல்லவராயிருந்த பொறியியலையே தேர்ந்துகொண்டார்.

கிண்டிக் கல்லூரி 1794ஆம் ஆண்டில் நிலவளவைப் பள்ளியாகத் தோன்றியது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக அங்கு ஆடவரே பயின்று வந்தனர். பேராசிரியர் தம் மகளின் விருப்பத்தை முதல்வர் சாக்கோவிடம் எடுத்துரைத்தார். முதல்வரும் பொதுக்கல்வி இயக்குநர் ஸ்டாதமும் இசைவு தந்தனர். 1940ஆம் ஆண்டில் லலிதா மின்பொறியியல் வகுப்பிற் சேர்ந்தார். நூற்றுக்கணக்கான ஆடவரிடையே அவர் ஒருவரே பெண். குழந்தையை உறவினர் பேணினர். தாயோ விடுதியில் தங்கிப் பயின்று, வார இறுதியில் குழந்தையைக் கண்டு மகிழ்ந்தார்.

மகளின் தனிமையை உணர்ந்த தந்தையார், பெண்களும் இக்கல்லூரியிற் சேரலாம் என விளம்பரம் செய்வித்தார். அதன் பயனாக லீலம்மா ஜார்ஜ், திரேசியா என்னும் இருவர் கட்டடப் பொறியியல் கற்க வந்தனர். மூவரும் பட்டம் பெற்றபோது புதுமை ஒன்று நிகழ்ந்தது. சான்றிதழ்கள் ஆடவரைக் கருதியே அச்சிடப்பட்டிருந்தமையால், ஆண்பாற் சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லை எழுத வேண்டியதாயிற்று. அச்சிறு திருத்தம் பெரியதொரு மாற்றத்துக்கு அடையாளமாயிற்று.

லலிதா பீகாரிலுள்ள ஜமால்பூர் ரயில்வே தொழிற்சாலையில் பயிற்சி பெற்றார். பின்னர்ச் சிம்லாவில் அரசு நிறுவனம் ஒன்றில் பொறியியல் உதவியாளராகப் பணியாற்றினார். சில காலம் தந்தையாருடன் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். மின்னால் இயங்கும் இசைக்கருவி, புகையில்லா அடுப்பு முதலியன தந்தையாரின் ஆராய்ச்சிப் பொருள்களாகும்.

1948ஆம் ஆண்டில் கல்கத்தாவிலிருந்த அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் நிறுவனத்திற் சேர்ந்தார். மின்கடத்து கம்பித் தொடர்களை வகுப்பதும், துணை மின்நிலையங்களின் அமைப்பை வரைவதும் அவர்தம் பணி. அப்பணியின் அருமையைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். அணையிலிருந்து விசையுடன் வீழும் நீர் பெருஞ்சக்கரத்தைச் சுழற்ற, அதனோடு இணைந்த பொறி மின்னாற்றலைத் தோற்றுவிக்கின்றது. அவ்வாற்றலை நெடுந்தொலைவு கொண்டு செல்லுங்கால் வழியில் இழப்பு மிகாதிருக்க, அழுத்தத்தை மிக உயர்த்தி அனுப்புவர். ஊரை அணுகியதும் துணை மின்நிலையத்தில் அவ்வழுத்தத்தைக் குறைப்பர். கணக்கிற் பிழை நேரின் பொறியும் கெடும், உயிரும் அழியும். சட்லெஜ் ஆற்றின் மேலமைந்த பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகளைப் பற்றிய பணியிலும் அம்மையார் பங்கு கொண்டார்.

அவரது புலமையை மேலைநாடும் மதித்தது. இலண்டன் மின்பொறியாளர் கழகம் 1953ஆம் ஆண்டில் அவரை இணை உறுப்பினராகவும், 1966ஆம் ஆண்டில் முழு உறுப்பினராகவும் ஏற்றது. 1964ஆம் ஆண்டில் நியூயார்க்கில் நடைபெற்ற பெண் பொறியாளர், அறிவியலாளர் முதல் உலக மாநாட்டிலும் அவர் கலந்துகொண்டார். இத்தனைக்கும் இடையே தம் மகளைப் பேணி வளர்க்கும் கடமையில் அவர் குறை வைத்தாரல்லர். 1977ஆம் ஆண்டில் ஓய்வு பெற்று, 1979ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12ஆம் நாள் இயற்கை எய்தினார்.

இன்று கள்ளக்குறிச்சியிலோ கல்வராயன் மலையூர்களிலோ பிறந்த ஒரு மாணவி பொறியியல் கற்க விழையலாம். கணிப்பொறித் துறையிற் பணியேற்கவும் விழையலாம். வறுமையும் தொலைவும் அவளுக்குத் தடையாகலாம். ஆனால், பெண் என்பதனால் கல்லூரியின் வாயில் அடைபடாது. அவ்வாயிலைத் திறந்தவர்களுள் ஒருவர், கைக்குழந்தையோடு துயருற்று நின்ற பதினெட்டு வயது இளம்பெண். முதலில் வந்த நீர் வகுத்த தடத்திலேயே பின்வரும் நீர் எளிதில் ஓடுகின்றது. அத்தடத்தை வகுத்தாரை மறவாது, அதனை மேலும் அகலப்படுத்துதல் பின்வந்தோர் கடமையாகும்.