மறைத்த பெயரே முகவரியாக

செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அக்காலச் சிற்றூர்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஊர்ப்புறத்துச் சேரிகளில் வாழ்ந்தனர். அவர்கள் உழுத நிலம் அவர்களுக்கு உரியதன்று. பொதுக்கிணற்றில் நீர் முகக்கவும் உரிமையில்லை. வறுமை உடலை வாட்ட, இழிவு உள்ளத்தை வாட்டியது.

கோவையில் பயின்றபோது சீனிவாசனையும் அவ்விழிவு தொடர்ந்தது. தம் சாதியும் இருப்பிடமும் பிறருக்குத் தெரிந்துவிடுமோ என அஞ்சி, உடன்பயின்றோருடன் விளையாடாமல் ஒதுங்கியிருந்தார். மணி ஒலித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் எவரும் பின்தொடராவண்ணம் விரைந்து வீடு திரும்புவார்.

அன்று அஞ்சி மறைத்த பெயரையே, 1893ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையில் தாம் தொடங்கிய இதழுக்குச் சூட்டினார். ‘பறையன்’ என்னும் அவ்விதழின் முதற்படிகள் நானூறும் இரண்டே நாள்களில் விற்றுத் தீர்ந்தன. நாணித் தலைகுனிந்திருந்தோர் அதனைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தனர். அவ்வாண்டின் இறுதியில் இராயப்பேட்டையில் அம்மக்களின் கூட்டத்தையும் நடத்தினார்.

பின்னாளில் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரான அவர், பொதுச்சாலை, குளம், கிணறு ஆகியவற்றை அனைவரும் பயன்படுத்தும் உரிமைக்காக 1924இல் தீர்மானம் கொண்டுவந்தார். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் இணைந்து குரல் கொடுத்தார், 1945இல் மறைந்தார்.

இழிவு சுமத்தப்பட்டவர் நாண வேண்டியதில்லை. சுமத்தியோரே நாண வேண்டும். வீட்டுவழியை மறைத்து ஓடிய சிறுவன், எல்லாருக்கும் பொதுவழி கேட்டு நின்ற வரலாறு உணர்த்தும் உண்மை இதுவே.