இசடோரா டங்கன்

இசடோரா டங்கன் (மே 1877 – செப்டம்பர் 14, 1927) ஐக்கிய அமெரிக்காவில் பிறந்த நடனக் கலைஞரும் நடன ஆசிரியரும் ஆவார். பாலே நடனத்தின் இறுக்கமான விதிகளைக் கைவிட்டு, வெறுங்காலுடனும் தளர்ந்த கிரேக்க பாணி உடையுடனும் ஆடியமையால் நவீன நடனத்தின் முன்னோடிகளில் ஒருவராகக் கருதப்படுகின்றார். மேடைப் புகழைக் காட்டிலும் குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றை நிறுவுவதையே தம் வாழ்வின் பணியாக இவர் எண்ணினார். அதற்காக 1921 ஆம் ஆண்டு ஊதியம் எதிர்பாராமல் சோவியத் உருசியாவுக்குச் சென்று கற்பித்தார்.

இளமை

சான் பிரான்சிஸ்கோ நகரில் நான்கு பிள்ளைகளில் இளையவராகப் பிறந்தார். தந்தையின் வங்கித் தொழில் நொடித்துப்போனது, பெற்றோர் பிரிந்தனர். தாயார் பியானோ கற்பித்துக் குடும்பத்தைக் காத்தார். சிறுமியாக இருந்தபோதே இசடோராவும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுத்து வீட்டுச் செலவுக்கு உதவினார். 1899 இல் குடும்பத்துடன் இலண்டன் சென்றார். பின்னர் பாரிசிலும், 1902 இல் புடாபெசுட்டிலும் ஆடிய நிகழ்ச்சிகள் இவரை ஐரோப்பா முழுவதும் அறியச்செய்தன.

முதல் பள்ளிகள்

மேடையில் ஈட்டிய பணத்தைக்கொண்டு 1904 ஆம் ஆண்டு பெர்லினை அடுத்த குருனவால்டில் முதல் பள்ளியைத் தொடங்கினார். ஏழைக் குடும்பக் குழந்தைகள் பலர் அங்கே சேர்க்கப்பட்டனர். உணவு, உடை, உறைவிடம், கல்வி அனைத்தும் இலவசம். நடப்பது, ஓடுவது, துள்ளுவது போன்ற இயல்பான அசைவுகளிலிருந்தே பயிற்சி தொடங்கியது. அசைவு மார்புக்குக் கீழுள்ள நடுப்பகுதியிலிருந்து எழுந்து கைகால்களுக்குப் பரவவேண்டும் என்பது இவரது கொள்கை. சோப்பென், சூபேர்ட், குளுக் ஆகியோரின் இசைக்குக் குழந்தைகள் ஆடினர்.

எனினும் அன்றாட வகுப்புகளைப் பெரும்பாலும் நடத்தியவர் தமக்கை எலிசபெத்தே. செலவுக்குப் பணம் தேட இசடோரா ஊர் ஊராக ஆடவேண்டியிருந்தது. பள்ளிக்காக ஆடுவதும், ஆடுவதனால் பள்ளியை விட்டு விலகியிருப்பதும் இவரது வாழ்வில் இறுதிவரை தொடர்ந்த முரண். இப்பள்ளியின் மாணவியரில் அன்னா, இர்மா, லிசா, தெரசா, எரிகா, மார்கோட் ஆகிய அறுவர் பின்னர் டங்கன் என்ற பெயரையே ஏற்றனர்.

1913 ஏப்ரல் 19 அன்று இவரது குழந்தைகளான டெய்ட்ரே, பாட்ரிக் இருவரும் பயணம் செய்த மகிழுந்து பாரிசில் சேன் ஆற்றில் விழுந்ததில் மூழ்கி இறந்தனர். அடுத்த ஆண்டு பிறந்த குழந்தையும் உடனே இறந்தது. பாரிசு அருகே பெல்வியூவில் 1914 இல் தொடங்கிய பள்ளியும் நிலைக்கவில்லை. முதல் உலகப்போர் மூண்டதால் அக்கட்டடத்தைப் போர்க்கால மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார்.

மாஸ்கோ பள்ளி

1921 இல் சோவியத் கல்வி ஆணையர் அனத்தோலி லுனாசார்ஸ்கி இவரைப் பள்ளி நடத்த அழைத்தார். தமக்குப் பணம் வேண்டாம், கற்பிக்க இடமும் குழந்தைகளும் தந்தால் போதும் என்பதே இவர் முன்வைத்த கோரிக்கை. உள்நாட்டுப்போராலும் பஞ்சத்தாலும் நாடு நிலைகுலைந்திருந்த காலம் அது. போகவேண்டாம் என்று நண்பர்கள் பலர் தடுத்தனர். மாணவியரில் இர்மா மட்டுமே உடன் சென்றார். சூலை மாதம் மாஸ்கோ தொடருந்து நிலையத்தில் இறங்கியபோது வரவேற்க யாரும் வந்திருக்கவில்லை.

ஆயிரம் குழந்தைகளுக்குக் கற்பிக்க விரும்பி வந்தவருக்குக் கிடைத்தது நாற்பது குழந்தைகள் தங்கிப் பயிலும் பள்ளி. பிரெச்சிஸ்டென்கா தெருவில், பாலே நடனக் கலைஞர் அலெக்சாந்திரா பலாசோவா முன்பு வாழ்ந்த மாளிகை அதற்கு ஒதுக்கப்பட்டது. பாலேயை எதிர்த்தவரின் பள்ளி ஒரு பாலே கலைஞரின் வீட்டில் அமைந்தது தற்செயலே. நவம்பர் 7 அன்று, புரட்சியின் நான்காம் ஆண்டு விழாவில், போல்சோய் அரங்கில் ஆடினார். லெனினும் அதைக் கண்டார். பள்ளி 1921 டிசம்பர் 3 அன்று முறையாகத் திறக்கப்பட்டது. இலியா சினைடர் நிருவாகத்தைக் கவனித்தார்.

அதே ஆண்டில் அறிமுகமான புதிய பொருளாதாரக் கொள்கை பள்ளியைப் பெரிதும் பாதித்தது. பல நிறுவனங்கள் தம் செலவைத் தாமே ஈட்டவேண்டியதாயிற்று. அரசு நிதி குறைந்தது. குளிர்காலத்தில் விறகுக்கும் உணவுக்கும் பணம் தேவைப்பட்டது. இசடோரா மீண்டும் மேடையேறிப் பணம் திரட்ட முடிவு செய்தார்.

1922 மே 2 அன்று கவிஞர் செர்கே எசெனினைத் திருமணம் செய்துகொண்டு, அவருடன் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் புறப்பட்டார். அக்டோபரில் நியூயார்க் வந்த இருவரும் கம்யூனிசத் தூதர்களோ என்ற ஐயத்தில் தடுத்துவைக்கப்பட்டுப் பின் விடுவிக்கப்பட்டனர். பாஸ்டன் மேடையில் சிவப்புத் துண்டை அசைத்து இவர் பேசியது பெரும் சர்ச்சையானது. அந்நகர மேயர் தடை விதித்தார். வேறு ஊர்களிலும் நிகழ்ச்சிகள் நீக்கப்பட்டன. சோவியத் குடிமகனை மணந்ததால் அமெரிக்கக் குடியுரிமையையும் இழந்தார். பள்ளிக்கு நிதி திரட்டும் நோக்கம் ஏறத்தாழ முழுமையாகத் தோல்வியுற்றது.

1923 ஆகத்தில் மாஸ்கோ திரும்பியபோது பள்ளி இயங்கிக்கொண்டிருந்தது. அதைக் காப்பாற்றியவர் இர்மா. இக்காரணத்தால் மாஸ்கோ பள்ளியின் வரலாற்றை இசடோராவின் பெயரில் மட்டும் எழுதுவது பொருந்தாது. 1924 கோடையில் இர்மாவும் மூத்த மாணவியரும் தொழிலாளர் குழந்தைகள் பல நூறு பேருக்குத் திறந்தவெளி விளையாட்டரங்கில் நடனம் கற்பித்தனர். சுற்றுப்பயணத்திலிருந்து வந்து இக்குழந்தைகளைக் கண்ட இசடோரா, உருசியப் புரட்சிப் பாடல்களுக்கு நடனங்கள் அமைத்துக்கொடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் பணம் ஈட்டுவதற்காகச் செருமனி சென்றார். அதன்பின் மாஸ்கோ திரும்பவே இல்லை.

இறுதிக் காலம்

எசெனினுடனான மணவாழ்வு முன்பே முறிந்திருந்தது. 1925 டிசம்பரில் அவர் இறந்தபின், மணமுறிவு பதிவாகாத காரணத்தால் அவரது நூல்களின் உரிமைத்தொகை இசடோராவுக்கு உரியதாயிற்று. கடனில் தத்தளித்த நிலையிலும் அதை எசெனினின் தாய்க்கும் சகோதரிகளுக்கும் விட்டுக்கொடுத்தார்.

1927 செப்டம்பர் 14 அன்று பிரான்சின் நீசு நகரில், கழுத்தில் அணிந்திருந்த நீண்ட துண்டு மகிழுந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தார். இவரது தன்வரலாறு உருசியாவுக்குப் புறப்படுவதோடு முடிகின்றது. ஆதலால் மாஸ்கோ ஆண்டுகளைப் பெரும்பாலும் இர்மா, சினைடர் ஆகியோரின் நூல்கள் வாயிலாகவே அறிய முடிகின்றது.

மாஸ்கோ பள்ளியின் பிற்காலம்

1928 இறுதியில் இர்மா மாணவியருடன் அமெரிக்காவில் நிகழ்ச்சிகள் நடத்தினார். சோவியத் அரசின் ஆணைப்படி மாணவியர் நாடு திரும்பினர். இர்மா அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். நிறுவியவரும் நடத்தியவரும் இல்லாத நிலையிலும் பயிற்சி பெற்ற மாணவியர் தொடர்ந்து ஆடினர். பள்ளி 1949 ஆம் ஆண்டு மூடப்பட்டது.