ச. வெ. இராமன்

சர் ச. வெ. இராமன் (சந்திரசேகர வெங்கட இராமன், நவம்பர் 7, 1888 - நவம்பர் 21, 1970) தமிழ்நாட்டில் பிறந்த இயற்பியலாளர் ஆவார். ஒளிச்சிதறல் ஆய்வுக்காக 1930ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். ஒரு பொருளின் உட்கட்டமைப்பு அதன் பண்புகளை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பது இவரது ஆய்வுகள் பலவற்றின் அடிப்படைக் கேள்வியாகும்.

வாழ்க்கை

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள திருவரங்கம் தீவில், திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில், சந்திரசேகர ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். தந்தை விசாகப்பட்டினத்தில் கல்லூரி விரிவுரையாளரானதால் அங்கு வளர்ந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் 1904இல் இளங்கலைப் பட்டமும் 1907இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். 1907இல் உலோகசுந்தரியை மணந்தார். அவ்வாண்டே கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாகப் பணியேற்றார். அலுவலக நேரம் போக எஞ்சிய நேரத்தில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்தார். 1917இல் அரசுப் பணியைத் துறந்து கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார்; 1937இல் அப்பொறுப்பிலிருந்து விலகி, 1948 வரை அங்கேயே பேராசிரியராகப் பணியாற்றினார். 1954இல் பாரத ரத்னா விருது பெற்றார். பெங்களூரில் காலமானார்.

ஆய்வுகள்

சாதாரணப் பறைத்தோலின் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் முழு எண் மடங்குகளாக அமைவதில்லை. மிருதங்க வலந்தலையின் நடுவே உள்ள கருஞ்சாந்து தோலின் எடைப் பரவலை மாற்றி, முதல் ஐந்து சுரங்களை இசைவான விகிதத்தில் அமைக்கிறது என்பதை இராமன் விளக்கினார். இது குறித்த முதற்கட்டுரை 1920இல் வெளிவந்தது. சிப்பி, ஓப்பல் போன்றவற்றின் வண்ண ஒளிர்வு அவற்றின் நுண்ணிய உட்கட்டமைப்பிலிருந்து எழுவதையும் பின்னாளில் ஆராய்ந்தார்.

ஒற்றை நிற ஒளி ஒரு பொருளின் ஊடே செல்லும்போது, சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதியின் அலைநீளம் மாறுகிறது. மாற்றத்தின் அளவு மூலக்கூறுகளின் அதிர்வைப் பொறுத்தது. கே. எஸ். கிருஷ்ணனுடன் இணைந்து பிப்ரவரி 28, 1928 அன்று கண்டறிந்த இவ்விளைவு 'இராமன் விளைவு' எனப்படுகிறது. அந்நாள் 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

படிக அதிர்வு விவாதம்

படிகத்தின் வெப்பப் பண்புகள் அதன் அணுக்களின் அதிர்வெண்களைச் சார்ந்தவை. இவ்வதிர்வெண்கள் இடைவெளியின்றித் தொடர்ச்சியாகப் பரவியிருக்கும் என்பது மாக்ஸ் போர்னின் கோட்பாடு. 1935இல் போர்னைப் பெங்களூருக்கு அழைத்தவர் இராமனே எனினும், 1940களில் அக்கோட்பாட்டை அவர் மறுத்தார். குறிப்பிட்ட சில அதிர்வெண்களே உண்டு என வாதிட்டார். பெங்களூரில் ஆர். எஸ். கிருஷ்ணன் பதிவு செய்த வைரத்தின் நிறமாலையில் காணப்பட்ட கூர்மையான உச்சிகள் இதற்குச் சான்றாகத் தோன்றின. ஆனால், போர்னின் கோட்பாட்டின்படியும் அந்நிறமாலையின் முக்கியக் கூறுகளைப் பெறமுடியும் என்பதை எலன் சுமித்து 1948இல் வெளியிட்ட கணக்கீடு காட்டியது. 1950களின் நியூட்ரான் சிதறல் சோதனைகளும் போர்னின் கோட்பாட்டையே உறுதிசெய்தன. இராமன் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இன்று பொருட்களின் வெப்பக் கொள்ளளவு, வெப்பங்கடத்துதிறன் முதலியவற்றைக் கணினியில் கணிப்போர் போர்னின் வழியில் வளர்ந்த கோட்பாட்டையே பயன்படுத்துகின்றனர். அவ்வாறு கணித்த அதிர்வெண்களைச் சரிபார்க்கும் கருவிகளுள் இராமன் நிறமாலைமானி முதன்மையான ஒன்று என்பது குறிப்பிடத்தக்கது.