பிரித்தவருக்குத்தான் தேய்மானம் தெரியும்!



ஜி.டி. நாயுடு என்றதும் பலருக்கும் அவருடைய கண்டுபிடிப்புகள் நினைவுக்கு வரும். மெக்கானிக்கல் படிக்கும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு பழைய மோட்டார் சைக்கிள்தான்.

1893 மார்ச் 23 அன்று கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தவர் நாயுடு. பள்ளிப் படிப்பு பாதியிலேயே நின்றுபோச்சு. ஊருக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரியின் 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிள் மீது அவருக்கு ஆசை வந்தது. கோவையில் ஓட்டல் சர்வராக வேலை பார்த்து, காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினார். ஊர் சுற்றவா? இல்லை! அக்கு அக்காகக் கழற்றினார், மறுபடி பூட்டினார். அதுதான் அவர் படித்த பாலிடெக்னிக்!

கழற்றினால் என்ன தெரியும்? எங்கள் கோட்டக்குப்பம் பக்கம் வண்டி புகை தள்ளினால், பிளாக்கைக் கழற்றி லேத் பட்டறைக்குத்தான் அனுப்புவாங்க. பிஸ்டன் ரிங் திரும்புகிற மேல்பகுதியில்தான் சிலிண்டர் அதிகம் தேய்ந்திருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. போர் கேஜ் விட்டு அளக்கணும். பிறகு 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டனுக்குத் தக்கபடி ரீபோர் செய்து, ஹோனிங் கல்லால் குறுக்குக் கோடு போடணும். அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால் ரிங் சரியாகப் படியாது. இப்போது பல வண்டிகளுக்கு ரீபோர் இல்லாமல் பிளாக், பிஸ்டன் செட்டையே மாற்றிவிடுகிறார்கள். சீக்கிரம் முடியும்; ஆனால் ஏன் தேய்ந்தது என்று யார் பார்ப்பது?

பிரித்துப் பார்த்த அந்தக் கை சும்மா இருக்குமா? 1920இல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். பிறகு அது யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார்.

1945இல் அவர் முயற்சியால் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழிற்கல்லூரி உருவானது. இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி அதுவே. நான்கு வருடப் படிப்பு காலவிரயம், பட்டறைப் பயிற்சியோடு இரண்டு வருடமே போதும் என்று வாதாடினார். அரசாங்கம் ஏற்கவில்லை, முதல்வர் பதவியையே விட்டுவிட்டார்! 1974 ஜனவரி 4 அன்று மறைந்தார்.

நண்பர்களே, நம் டிப்ளமோ மூன்று வருடம். ரெக்கார்டு நோட்டில் சிலிண்டர் படத்தை அழகாக வரைந்து கையெழுத்து வாங்கிவிடுகிறோம். சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தேய்மானத்தைத் தடவிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? அடுத்த லீவில் பக்கத்து பட்டறைக்குப் போய், ஒரு என்ஜினையாவது முழுசாகக் கழற்றிப் பூட்டுவோம். நாயுடுவுக்கு மாணவர்கள் நாம் செலுத்தும் அஞ்சலி அதுவாக இருக்கட்டும்!